ரிங் அறுந்தால் யார் சொல்வார்? எம்.ஆர்.பி-யும் ஆர்.எஸ்.டி.பி-யும்

ஆலைக்குள் பத்துப் பதினைந்து நெட்வொர்க் சுவிட்சுகளை ரிங்காக, அதாவது ஒரு கேபிள் அறுந்தாலும் தகவல் மறுபக்கமாகப் போகும்படி வட்டமாக, கோக்கப் பெரும்பாலும் எம்.ஆர்.பி (மீடியா ரிடண்டன்சி புரோட்டோகால்), ஆர்.எஸ்.டி.பி (ரேபிட் ஸ்பானிங் ட்ரீ புரோட்டோகால்) என்ற இரண்டு நெறிமுறைகளில் ஒன்றைத்தான் எடுப்போம். ஆர்.எஸ்.டி.பி ஏறக்குறைய எல்லா மேனேஜ்டு (அமைப்புகளை மாற்றக்கூடிய) சுவிட்சிலும் உண்டு. அதில் எத்தனை சுவிட்ச் தாண்டலாம் என்ற வரம்பை வைக்கும் மேக்ஸ் ஏஜ் இயல்பாக 20, ரிங் பெரிதானால் 40 வரை ஏற்றலாம். ஐ.ஈ.சி 62439-2 தரத்தின் எம்.ஆர்.பி, 50 சுவிட்ச் வரை 200 மில்லிவிநாடிக்குள் மாற்றுப் பாதைக்குப் போய்விடும். வேகத்தைப் பற்றி இதற்கு மேல் பேச வேண்டாம்.

நான் எம்.ஆர்.பி பக்கம் நிற்பதற்குக் காரணம் வேறு. ரிங்கில் முதல் கேபிள் அறும்போது பெரும்பாலும் எந்த மெஷினும் நிற்காது. அதனால்தான் அது யார் கண்ணிலும் படாமல் போகிறது. இரண்டாவது கேபிள் அறுந்த அன்றைக்கு லைன் நின்றுவிடும்.

எம்.ஆர்.பி-யில் இதைக் கவனிக்கவே ஒரு மேனேஜர் சுவிட்ச் இருக்கிறது. 200 மில்லிவிநாடி அமைப்பில், தன் இரு ரிங் போர்ட்டிலும் 20 மில்லிவிநாடிக்கு ஒரு சோதனை ஃப்ரேம் (சிறு தகவல் பொட்டலம்) அனுப்பும். அடுத்தடுத்து மூன்று திரும்பாவிட்டால் ரிங் 'ஓபன்', அதாவது அறுந்திருக்கிறது. 'க்ளோஸ்டு' என்றால்தான் ரிங் நலம்; அப்போது தகவல் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்காதபடி மேனேஜரின் ஒரு போர்ட் பிளாக் ஆகியிருக்கும். புதியவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது வழக்கம். பல மாடல்களில் ஃபால்ட் ரிலே (பழுது வந்தால் மாறும் மின் தொடர்பு) உண்டு, அதை பி.எல்.சி (மெஷினை இயக்கும் கன்ட்ரோலர்) இன்புட்டில் கட்டிவிட்டால் ஆபரேட்டர் திரையிலேயே அலாரம் வரும். இடையில் மீடியா கன்வர்ட்டர் (காப்பர்-ஃபைபர் மாற்றி) இருந்து லிங்க் விளக்கு பொய்யாக எரிந்தாலும் சோதனை ஃப்ரேம் ஏமாறாது.

ஆர்.எஸ்.டி.பி-யில் நாமே தேட வேண்டும். ரிங் முழுதாக இருந்தால் மொத்த சுவிட்சுகளிலும் சேர்த்து ஒரே ஒரு போர்ட் 'ஆல்டர்னேட்' (மாற்றுப் பாதைக்காகத் தடுத்து வைத்த) நிலையில் நிற்கும். அது காணாமல் போனால் ரிங் எங்கோ அறுந்திருக்கிறது. எஸ்.என்.எம்.பி (சுவிட்சின் நிலையைத் தொலைவிலிருந்து கேட்கும் முறை) வைத்துத் தொடர்ந்து எண்ணிக்கொண்டே இருந்தால் பயன் உண்டு. ஆனால் அதை எத்தனை ஆலையில் செய்கிறார்கள்?

எம்.ஆர்.பி-யிலும் ஏமாற இடம் உண்டு. நடுவில் யாராவது அன்மேனேஜ்டு (அமைப்பு எதுவும் செய்ய முடியாத) சுவிட்சைச் செருகினால் சோதனை ஃப்ரேம் அதன் வழியாக ஓடிவிடும். மேனேஜர் 'க்ளோஸ்டு' என்றே காட்டும். பாதை மாறும் நேரத்தில்தான் குட்டு வெளிப்படும்: அந்தச் சுவிட்ச் தன் மேக் டேபிளை (எந்தக் கருவி எந்தப் போர்ட் பக்கம் என்ற பட்டியலை) அழிக்காது, பழைய பதிவு காலாவதியாகும் வரை, பொதுவாக 300 விநாடி வரை, ஃப்ரேம்கள் தவறான பக்கம் போய்க்கொண்டிருக்கும். ஃபைபரில் ஒரு இழை மட்டும் போனாலும் சிக்கல்தான். எதிர்த்திசை ஃப்ரேம் திரும்பி வருவதால் மேனேஜர் நலம் என்று நினைக்கலாம். ஒரு திசை போனதை மறுமுனைக்கு அறிவிக்கும் ஃபார்-எண்ட் ஃபால்ட் வசதி இருந்தால் இயக்கி வையுங்கள்.

அறுந்த இடத்தை 'ஓபன்' அலாரம் மட்டும் காட்டாது. எல்.எல்.டி.பி (சுவிட்ச் தன்னைப் பக்கத்துச் சுவிட்சுக்கு அறிவிக்கும் முறை) அண்டைப் பட்டியலைப் பாருங்கள்: இயல்பாக 30 விநாடிக்கு ஒருமுறை அறிவிப்பு போகும், சுமார் 120 விநாடி வராவிட்டால் பெயர் நீங்கும். பெயர் இல்லாத ரிங் போர்ட்டிலிருந்து தேடத் தொடங்கலாம்.

புது ரிங்கில் மேனேஜரை அமைத்து, ரிங் போர்ட்டுகளில் ஆர்.எஸ்.டி.பி-யை நிறுத்தும் வரை கடைசி கேபிளை மாட்டாதீர்கள்; மாட்டினால் பிராட்காஸ்ட் ஸ்டார்ம் (ஃப்ரேம்கள் முடிவின்றிச் சுற்றிப் பெருகுவது) ஆலையையே நிறுத்திவிடக்கூடும். பிறகு ஷட்டவுன் நேரத்தில், 10 மில்லிவிநாடிக்கு ஒரு பிங் (பதில் கேட்கும் சோதனைச் செய்தி) ஓடவிட்டு, ரிங்கின் ஒவ்வொரு கேபிளையும் முறையே பிடுங்கிப் பாருங்கள். ஒரு தடவைக்கு 20 பிங்குக்கு மேல் தொலைந்தால் ரிங் சரியில்லை.