வெப் ஹோஸ்டிங் தொழிலுக்கு இன்சூரன்ஸ்: பல ரெனிவல் பார்த்த பிறகு

கோவையில் நண்பர் ஒருவரோடு சேர்ந்து சின்னதாக ஒரு வெப் ஹோஸ்டிங் கம்பெனி நடத்துகிறேன், அதாவது மற்றவர்களின் இணையதளங்களை எங்கள் சர்வரில் வைத்து ஓட்டிக் கொடுக்கும் தொழில். 2019-லிருந்து தொழிலுக்கு இன்சூரன்ஸ் கட்டி வருகிறோம். பயந்துபோய் எடுத்ததல்ல. திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்று எங்களிடம் சர்வர் எடுக்க வந்தபோது, ஒப்பந்தத்தில் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு கட்டாயம் என்று ஒரு வரி போட்டிருந்தார்கள். அந்த ஆர்டரை விட மனசில்லை, எடுத்தோம். இன்று அந்த நிறுவனம் எங்களிடம் இல்லை, பாலிசி இருக்கிறது.

"ஹோஸ்டிங்குக்கெல்லாம் இன்சூரன்ஸ் உண்டா?" என்று இதே தொழிலில் இருப்பவர்களே கேட்கிறார்கள். அந்தப் பெயரில் ஒரே பாலிசியாக நான் பார்த்ததில்லை. மூன்றைச் சேர்த்துத்தான் கட்ட வேண்டியிருக்கிறது. சர்வர், சுவிட்ச் போன்ற சாமான்களுக்கு எலக்ட்ரானிக் எக்யுப்மென்ட் பாலிசி. நம் வேலையில் நேர்ந்த குறையால் நஷ்டம் என்று வாடிக்கையாளர் கிளம்பினால் ப்ரொஃபஷனல் இண்டெம்னிட்டி, பேச்சில் பி.ஐ. ஹேக்கிங், ரான்சம்வேர் (டேட்டாவைப் பூட்டி வைத்துப் பணம் கேட்கும் வைரஸ்), தகவல் கசிவுக்கு சைபர் பாலிசி.

முதலாவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் சொந்த சர்வர்கள் சென்னையில் ஒரு டேட்டா சென்டரில் வாடகை ரேக்கில், அதாவது சர்வர் அடுக்கும் அலமாரியில் இருக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் வெள்ளம் சேர்ந்த கவரை விட மாட்டார்கள். நாங்களும் விடவில்லை. ஆனால் நடைமுறையில் கெட்டுப்போவது ஹார்ட் டிஸ்க், பவர் சப்ளை, எப்போதாவது டிஸ்க்குகளை இணைத்து ஓட்டும் ரெய்டு கார்டு ஒன்று. இதில் எதுவும் எக்ஸஸ், அதாவது நாமே ஏற்க வேண்டிய முதல் தொகையைத் தாண்டுவதில்லை. கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பழைய சர்வர்தானே என்று தேய்மானம் கழித்து மதிப்பு எழுதக் கூடாது, அதே மாதிரி புதிதாக வாங்க இன்று என்ன விலையோ அதை எழுத வேண்டும். குறைத்து எழுதினால், நஷ்டத்தை மதிப்பிட வரும் சர்வேயர் அதே விகிதத்தில் கிளைமையும் வெட்டுவார்.

உண்மையில் நம் தொழிலின் ஆபத்து சர்வர் பெட்டியில் இல்லை, அதற்குள் இருக்கும் அடுத்தவர் டேட்டாவில் இருக்கிறது. 2021 மார்ச் 10-ஆம் தேதி பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று முழுக்க எரிந்துபோனது. எரிந்த சர்வர்களைவிடப் பெரிய தலைவலி பேக்கப்தான். பணம் கட்டி பேக்கப் சேவை வாங்கியிருந்த ஒரு வாடிக்கையாளரின் பேக்கப்பும் அதே இடத்தில் இருந்து சேர்ந்தே எரிந்தது. வழக்கு போட்டார்கள். 2023 ஜனவரியில் லில் நகர வணிக நீதிமன்றம் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் நஷ்டஈடு தரச் சொன்னது. பொறுப்புக்கு உச்சவரம்பு வைத்திருந்த ஒப்பந்த வாசகம் அங்கே எடுபடவில்லை. 'எங்கள் பொறுப்பு கடைசி மாதக் கட்டணத்தோடு முடிந்தது' என்று டேர்ம்ஸ் பக்கத்தில் ஒரு வரி போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

எங்களுக்கு பி.ஐ. பாலிசி வேலை செய்தது 2022 தீபாவளிக்குப் பிறகு. துணிக்கடை ஒன்றின் ஆன்லைன் கடை எங்கள் சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது. பண்டிகைக்கு முந்தைய வாரம் அவர்களுடைய டெவலப்பர் ஏதோ பிளகின் அப்டேட் செய்ததில் டேட்டாபேஸ் பாழானது. எங்களிடம் அன்று அதிகாலை 2 மணி பேக்கப் இருந்தது, உடனே மீட்டுக் கொடுத்தோம். ஆனால் 2 மணிக்கும் சாயங்காலத்துக்கும் நடுவில் வந்த ஆர்டர்கள் போயே போய்விட்டன. பேமென்ட் கேட்வேயில் பணம் வந்த கணக்கு இருக்கிறது, யாருக்கு எந்தச் சேலை என்ற கணக்கு இல்லை. பண்டிகை நேரத்தில் இது எப்படிப்பட்ட கூத்து என்று கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அவர்கள் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

சில வாரம் கழித்துப் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. 30 லட்சத்துக்கு மேல் கேட்டிருந்தார்கள், பதில் சொல்ல 15 நாள். எங்கள் சப்போர்ட் பையன் நல்ல மனசோடு ஒரு மெயில் தயார் செய்து வைத்திருந்தான், 'நேர்ந்த தவறுக்கு மிகவும் வருந்துகிறோம்' என்று ஆரம்பித்து. அனுப்புவதற்கு முன் புரோக்கருக்கு போன் போட்டேன். அரசு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர், எங்களை எப்போதும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

"தம்பி, அந்த மெயில் போயிடுச்சா?"

"இல்லீங்க சார், டிராஃப்ட்லதான் இருக்கு."

"அப்படியே இருக்கட்டும். தவறுன்னு நீங்களே எழுதிட்டா பொறுப்பை ஒத்துக்கிட்டதா ஆயிடும். கம்பெனியைக் கேக்காம ஒத்துக்கிட்டா கிளைம் தர மாட்டாங்க. நோட்டீஸை ஸ்கேன் பண்ணி அனுப்புங்க, கவரையும் சேர்த்து. கவர் மேல இருக்கற முத்திரை தேதி வேணும்."

அந்தக் கவர் எங்கள் குப்பைக் கூடையிலிருந்துதான் எடுக்கப்பட்டது. அதன் பிறகு நடந்ததில் பாராட்டும் உண்டு, குறையும் உண்டு. குறை முதலில். எங்கள் வக்கீலை இன்சூரன்ஸ் கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை, அவர்கள் பட்டியலில் உள்ளவர்தான் வேண்டும் என்றார்கள். அந்த ஒப்புதல் வருவதற்குள் 15 நாளில் பெரும்பகுதி ஓடிவிட்டது. தினமும் போன், தினமும் 'ஃபைல் மேலே போயிருக்கிறது' என்ற பதில். பாராட்டு என்னவென்றால், வந்த வக்கீல் விஷயம் தெரிந்தவர். டிக்கெட் உரையாடல், கன்ட்ரோல் பேனலில் டெவலப்பர் உள்ளே வந்த நேரம், ஐ.பி. முகவரி, பேக்கப் லாக் எல்லாவற்றையும் நேர வரிசையில் கேட்டு வாங்கினார். பதில் நோட்டீஸ் போனது. மறுபக்கத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்தது, அதற்கும் பதில் போனது, அதோடு நின்றுவிட்டது. எக்ஸஸ் போக மீதி வக்கீல் கட்டணத்தை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டியது.

தொகை பெரிதில்லை. ஆனால் பி.ஐ. பாலிசியில் சின்னக் கம்பெனிக்குக் கிடைக்கும் நிஜமான பயன் இதுதான் என்பது என் கருத்து. கோடிக்கணக்கில் நஷ்டஈடு கொடுக்கும் நிலை நமக்கு அபூர்வம். வக்கீல் நோட்டீஸ் அபூர்வமில்லை. ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வக்கீல் செலவு கவர் தொகைக்குள் அடங்குமா, தனியா? எங்கள் பாலிசியில் உள்ளேதான். வழக்கு இழுத்தால் நஷ்டஈட்டுக்கு வைத்திருக்கும் தொகை கரைந்துகொண்டே போகும்.

இனி கிடைக்காதது. டேட்டா சென்டரில் மின்சாரப் பிரச்சினை வந்து ஒரு பகல் முழுக்க எங்கள் ரேக் படுத்துவிட்டது. எஸ்.எல்.ஏ. (சர்வர் இவ்வளவு நேரம் ஓடும் என்று நாம் தரும் சேவை உறுதி) படி எல்லா வாடிக்கையாளருக்கும் கிரெடிட், அதாவது கட்டணக் கழிவு கொடுத்தோம், அந்த மாத வருமானத்தில் நல்ல துண்டு விழுந்தது. கிளைம் போட்டோம், ஒரு ரூபாய் வரவில்லை. வாசகப்படி அவர்கள் சொன்னது சரிதான். எஸ்.எல்.ஏ. கிரெடிட் என்பது நாமே விரும்பிக் கொடுத்த ஒப்பந்த வாக்குறுதி, சட்டப்படி வந்த பொறுப்பல்ல, பி.ஐ. அதைத் தொடாது. சைபர் பாலிசியில் தொழில் முடக்க நஷ்டம் உண்டு, ஆனால் எங்களுடையதில் முதல் 12 மணி நேரத்துக்குக் கணக்கில்லை. போதாததற்கு மின்சாரம், தொலைத்தொடர்பு போன்ற வெளிக் கட்டமைப்புக் கோளாறுகளுக்குத் தனி விலக்கு. ஹோஸ்டிங் தொழிலில் மாதாமாதம் நடக்கும் சின்னச் சின்ன டவுன்டைம் எதற்கும் இன்சூரன்ஸ் பதில் சொல்லாது. அதற்கு ரேக்குக்கு இரண்டாவது பவர் ஃபீடு, அதாவது இன்னொரு மின் இணைப்பு வாங்குவதுதான் வழி, அதைத்தான் பிறகு செய்தோம்.

பி.ஐ., சைபர் இரண்டுமே கிளைம்ஸ்-மேட் வகை. குறை எப்போது நடந்தது என்பதைவிட, புகார் எந்த பாலிசி ஆண்டில் வந்தது என்பதுதான் கணக்கு. இதில் ரெட்ரோஆக்டிவ் தேதி என்று ஒன்று ஷெட்யூலில், அதாவது பாலிசி விவரப் பக்கத்தில் ஒரு மூலையில் இருக்கும். அந்தத் தேதிக்கு முன் செய்த வேலையால் வரும் புகார் செல்லாது. ஒரு ரெனிவலில் வேறு கம்பெனியிலிருந்து கால்வாசி பிரீமியம் குறைவாகக் கொட்டேஷன் வந்தது. நண்பர் உடனே மாறலாம் என்றார். ஷெட்யூலைப் பார்த்தால் ரெட்ரோ தேதி புது பாலிசி தொடங்கும் நாள். அதாவது 2019-லிருந்து நாங்கள் போட்டுக் கொடுத்த சர்வர்கள், செய்த மைக்ரேஷன்கள் (தளங்களை வேறு சர்வருக்கு மாற்றும் வேலை) எல்லாம் ஒரே நாளில் கவருக்கு வெளியே. பழைய தேதியையே போட்டுத் தரச் சொன்னோம். தந்தார்கள், பிரீமியமும் பழைய இடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மாறவில்லை.

சைபர் பாலிசியை எங்களுக்கு இதுவரை கிளைம் செய்ய நேரவில்லை. அதனால் அது எப்படிப் பணம் தரும் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் அதன் ப்ரொபோசல் ஃபார்ம், அதாவது பாலிசி கேட்டு நிரப்பும் படிவம் எங்கள் கம்பெனியை மாற்றியிருக்கிறது. 2019-ல் இரண்டு பக்கம். இப்போது அட்மின் லாகின் எல்லாவற்றுக்கும் இரண்டடுக்கு சரிபார்ப்பு உண்டா, பேக்கப் நெட்வொர்க்கிலிருந்து பிரிந்து இருக்கிறதா, மீட்டுப் பார்த்து கடைசியாக எப்போது சோதித்தீர்கள், பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் பேட்ச் எத்தனை நாளில் போடுகிறீர்கள் என்று போய்க்கொண்டே இருக்கிறது. 2023 பிப்ரவரியில் ஒரே சர்வரைப் பலவாகப் பிரித்து ஓட்டும் மென்பொருளான வி.எம்.வேர் ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. உள்ள சர்வர்களைக் குறிவைத்து ரான்சம்வேர் பரவியது. அந்த ஓட்டைக்கு பேட்ச் 2021 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. பேட்ச் கேள்வியை அவர்கள் அத்தனை துருவுவதற்குக் காரணம் புரிகிறது. போடாத பேட்சைப் போட்டதாக எழுதி வைத்தால், கிளைம் வரும் நாளில் அந்தத் தாளைத்தான் முதலில் எடுப்பார்கள்.

நம் தொழிலில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இரண்டு கம்பெனிகளைச் சொல்லலாம். தென்கொரியாவின் நயானா ஹோஸ்டிங் 2017 ஜூனில் ரான்சம்வேரில் சிக்கியது. 153 லினக்ஸ் சர்வர், 3,400 வாடிக்கையாளர் தளங்கள். பேரம் பேசி 397.6 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 10 லட்சம் டாலர் கட்டினார்கள். டென்மார்க்கின் கிளவுட்நார்டிக் 2023 ஆகஸ்டில் சிக்கியது. ஒரு டேட்டா சென்டரிலிருந்து இன்னொன்றுக்கு சர்வர்களை மாற்றும்போது, ஏற்கெனவே தொற்று இருந்த சர்வர்கள் உள் நெட்வொர்க்கில் இணைந்துவிட்டன. அங்கிருந்து பேக்கப் வரை போய்விட்டது. பணம் தர மாட்டோம் என்றார்கள், பெரும்பாலான வாடிக்கையாளர்களின் டேட்டா திரும்பவே இல்லை. இரண்டாவது நிலைமைக்கு எந்த பாலிசியும் மருந்தல்ல. தடயவியல் ஆள், வக்கீல், அறிவிப்புச் செலவு கிடைக்கலாம், வாடிக்கையாளர் கிடைக்க மாட்டார்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல், இரண்டு கடிகாரம். இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி சைபர் சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். 180 நாள் லாக், அதாவது சர்வரில் நடந்தவற்றின் பதிவு வைத்திருக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனியோ, தன் ஒப்புதல் இல்லாமல் வெளியாளை வேலைக்கு வைக்காதே, செலவு செய்யாதே என்கிறது. ராத்திரி ஒரு மணிக்கு இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. கம்பெனியின் அவசர எண், பாலிசி எண், செர்ட்-இன் மெயில் முகவரி மூன்றையும் ஒரு தாளில் அச்சடித்து ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறோம். கம்ப்யூட்டரில் வைத்தால் அன்றைக்கு அது திறக்குமோ என்னமோ.

இப்போது என்னைக் கவலைப்படுத்துவது வாடிக்கையாளர்கள் அனுப்பும் புது ஒப்பந்தங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாவிட்டால் அபராதம் 250 கோடி வரை. அந்த அபராதம் தரவைச் சேகரித்த நிறுவனத்தின் தலையில் விழுவது, நாம் அவர்களுக்காகத் தரவை வைத்திருப்பவர் மட்டும். அதனால்தான் அவர்கள் சட்டம் நம்மீது வைக்காததை ஒப்பந்தத்தில் வைக்கிறார்கள்: 'எந்த நஷ்டம் வந்தாலும் வரம்பில்லாமல் ஈடுசெய்வோம்' என்று நம்மிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள். சட்டப்படி வரும் பொறுப்பைத் தாண்டி நாமே கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்டது பாலிசிக்கு வெளியே. போன மாதம் ஒரு பள்ளிக் குழுமம் அனுப்பிய ஒப்பந்தத்தில் அந்தப் பத்தியை அடித்து, எங்கள் கவர் தொகையையே வரம்பாக எழுதித் திருப்பி அனுப்பினோம். சண்டை வரும் என்று நினைத்தேன், அப்படியே ஒத்துக்கொண்டார்கள்.

செலவைக் கேட்பவர்களுக்கு: பி.ஐ., சைபர் தலா 1 கோடி கவருக்கு, எங்கள் சீனியர் அட்மினின் ஒரு மாதச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வருகிறது. மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி., அதை ஆடிட்டர் இன்புட் கிரெடிட்டில் எடுத்துவிடுகிறார். வெளிநாட்டு வாடிக்கையாளர் இருந்தால் ஜூரிஸ்டிக்‌ஷன் வரியைப் பாருங்கள், எந்த நாட்டில் போடும் வழக்குக்கு கவர் உண்டு என்பது அதில் இருக்கும். இந்தியா மட்டும் என்றால் ஒரு விலை, அமெரிக்கா, கனடா தவிர உலகம் என்றால் ஒரு விலை, அமெரிக்காவும் வேண்டும் என்றால் புரோக்கரே ஒரு நிமிடம் யோசிப்பார். எங்களுக்கு அமெரிக்க வாடிக்கையாளர்கள் சொற்பம், எடுக்கவில்லை. ரீசெல்லர் கணக்கு (பெரிய ஹோஸ்டிங் கம்பெனியிடம் இடம் வாங்கி மறுவிற்பனை செய்வது) ஒன்று வைத்துக்கொண்டு பத்து இருபது தெரிந்தவர் தளங்களை நடத்துபவர்கள் இந்தப் பணத்தில் வேறொரு கம்பெனியிடம் தனி பேக்கப் இடம் வாங்கிக்கொள்ளலாம்.

வாங்குவதென்றால், பணம் கட்டுவதற்கு முன் கொட்டேஷனோடு முழு பாலிசி வாசகத்தையும் கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் மெயிலில் அனுப்பிவிடுவார்கள். 'பாலிசி இஷ்யூ ஆனதும் வரும் சார்' என்று ஒரு இடத்தில் சொன்னார்கள். அங்கே வாங்கவில்லை.