நுவரெலியாக் குளிரில் பதிக்கும் கேஸ் கிரில்: வாங்கி, கட்டி, சமைத்த பிறகு எழுதுவது

கொழும்பில் கடை முற்றத்தில் பற்ற வைத்துக் காட்டும்போது எந்த கேஸ் கிரில்லும் அழகாகத்தான் எரியும். அங்கே கடல் மட்டம், முப்பது பாகை வெயில், நிறைந்த சிலிண்டர். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் பள்ளத்துத் தேயிலைக் கொழுந்து பனியில் கருகிப்போகும் ஊர். இங்கே கிரில் தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது கேஸ் வரும் வழி, அடுத்தது காற்று வரும் திசை, அதன் பிறகு தகடு. பர்னர் எத்தனை, மூடி எவ்வளவு பளபளக்கிறது என்பதெல்லாம் கடைசியில் வரட்டும்.

கந்தப்பளைப் பாதையில் நானும் வீட்டுக்காரியும் ஒரு சின்னத் தங்குமிடம் நடத்துகிறோம். அதற்கு முன் கொழும்பில் ஹோட்டல் சமையலறைகளில்தான் என் பிழைப்பு. முற்றத்தில் கூரை போட்டு ஒரு திறந்த சமையலறை கட்டி, சீமெந்துக் கல் மேடைக்குள் கிரில்லைப் பதித்திருக்கிறோம். ஏப்ரல் சீசன் கூட்டம், ஜூன் மாதக் காற்று, ஜனவரிப் பனி எல்லாவற்றையும் அது பார்த்துவிட்டது. வாங்கியது 32 அங்குல அகலம், நான்கு பர்னர், 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பின்சுவரில் கோழி சுழற்ற ஒரு தனி பர்னர். கம்பனிப் பெயரை எழுதவில்லை. இதே மாதிரி உடம்பு வெவ்வேறு பெயர்களில் விற்பனைக்கு வருகிறது. பெயரைத் தேடுவதைவிட உள்ளே இருப்பதைத் தேடுவது பயன்.

கேஸ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை. கிரில்லின் அட்டையில் பி.டி.யூ. என்று ஒரு கணக்கு இருக்கும், மணிக்கு எவ்வளவு வெப்பம் தரும் என்பதன் அளவு அது. என்னுடையதில் ஒரு பர்னருக்கு 12,000, நான்குக்கும் 48,000. கிலோவாட்டில் 14. நான்கையும் முழுதாகத் திறந்தால் மணிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கேஸ் போகும். வீட்டுக்குள் இருக்கும் இரண்டு பர்னர் குக்கர் முழு வேகத்தில் எரிந்தாலும் சாதாரணமாக அரைக் கிலோவைத் தாண்டாது. ஆக, அதே 12.5 கிலோ சிலிண்டரிடம் இரண்டு மடங்குக்கு மேல் கேட்கிறோம், அதுவும் குளிரில் நிற்க வைத்துக் கேட்கிறோம்.

சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியாக வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை இரும்புச் சுவர் வழியாக வெளிக்காற்றிலிருந்துதான் இழுக்கும். நம் நாட்டில் கிடைக்கும் கேஸில் பெரும்பங்கு பியூட்டேன், மீதி புரோப்பேன். புரோப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 பாகை, எந்தக் குளிரிலும் அது எழும்பி வரும். பியூட்டேனுக்கோ பூச்சியத்தை ஒட்டியே கொதிநிலை. வெளியே ஐந்தாறு பாகை இருக்கும் இரவில் பியூட்டேனுக்கு அழுத்தம் மிகக் குறைவு. நான்கு பர்னரும் எரிகையில் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். திரவம் எந்த மட்டம் வரை நிற்கிறதோ அதுவரை வெளிச்சுவரில் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும், கை வைத்தால் விரல் விறைக்கும். அந்தக் கோட்டுக்கு மேலே சுவர் காய்ந்து கிடக்கும். கொஞ்ச நேரத்தில் சுவாலை குட்டையாகும், மூடியில் இருக்கும் வெப்பமானி முள் மெல்ல இறங்கும். கிரில் பழுது என்று நினைத்துப் பலர் கடைக்குப் போன் எடுப்பது இந்தக் கட்டத்தில்தான். கிரில்லில் ஒரு பிழையும் இல்லை.

இதற்கு நான் செய்திருப்பது, இரண்டு 12.5 கிலோ சிலிண்டர்களை ஒரே குழாயில் சேர்த்து இரண்டையும் ஒன்றாகத் திறந்து வைப்பது. ஒவ்வொன்றும் பாதிச் சுமையைத்தான் தூக்குகிறது, அதனால் அவ்வளவு குளிர்ந்துபோவதில்லை. கேஸ் பொருத்தத் தெரிந்தவரை வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும். ஹோட்டல்காரர்கள் 37.5 கிலோ சிலிண்டர் வைக்கலாம், அதுவும் சரி. ரெகுலேட்டரையும் பாருங்கள். மணிக்கு எத்தனை கிலோ விடும் என்று அதிலேயே பொறித்திருக்கும். உங்கள் கிரில் கேட்கும் அளவு அதற்குள் அடங்க வேண்டும். சிலிண்டருக்கு வெந்நீர் ஊற்றுவது, பக்கத்தில் நெருப்பு வைப்பது போன்ற வேலை மட்டும் எக்காலமும் வேண்டாம்.

இன்னொன்று. சிலிண்டரிலிருந்து புரோப்பேன்தான் முந்திக்கொண்டு வெளியேறும். கால் சிலிண்டர் ஆகும்போது உள்ளே மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன். குலுக்கினால் கேஸ் இருக்கிறது, கிரில்லிலோ நெருப்பு எழும்பாது. அந்த சிலிண்டரைக் கழற்றி உள் சமையலறையில் குக்கருக்கு மாட்டினால் கடைசிச் சொட்டு வரை நன்றாக எரியும். பனிக்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் இப்படித்தான் மாற்றி மாற்றி ஓடுகிறது, ஒரு கிராம் வீண் போவதில்லை.

உயரமும் தன் பங்குக்கு வேலை காட்டும். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கிறது, பருப்பு வேக நேரமெடுக்கிறது. அதே காரணத்தால் பர்னருக்குப் போதிய ஒட்சிசன் கிடைக்காமல் சுவாலை மஞ்சளாகும், கம்பிக்கு அடியில் கரி படியும். அமெரிக்கக் கணக்கில் 600 மீற்றருக்கு மேலே போனால், கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீற்றருக்கும் 4 சதவீதம் என்று கேஸ் அளவைக் குறைக்கச் சொல்வார்கள். நுவரெலியாவுக்கு அது 20 சதவீதத்தைத் தாண்டும். எனவே கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: உயரத்துக்கு ஏற்ற சிறிய துளை ஜெட் (பர்னருக்குள் கேஸ் பீறிடும் முனை) கிடைக்குமா? பர்னர் வாயில் காற்றுத் திறப்பைக் கூட்டிக் குறைக்க ஆணி இருக்கிறதா? என் கிரில்லில் இரண்டும் உண்டு. ஜெட்டை மாற்றி, ஆணியைத் தளர்த்திக் காற்றுத் திறப்பின் தகட்டைக் கொஞ்சம் திருப்பியதும் சுவாலை நீலமாகி, நுனியில் மட்டும் ஒரு துளி மஞ்சளோடு நின்றது. அதுதான் சரியான அளவு. குழாய்வழி இயற்கை வாயுவுக்கென்று செய்த கிரில்லை மலிவு என்று யாராவது தள்ளிவிடப் பார்த்தால் வாங்காதீர்கள். அதன் ஜெட் துளை பெரிது, நம் சிலிண்டர் கேஸைப் போட்டால் நெருப்பு கட்டுக்கடங்காது.

காற்றுக்கு வருவோம். சக்கரம் வைத்த கிரில்லைக் காற்றுக்குத் தக்கபடி திருப்பிக்கொள்ளலாம், பதித்த கிரில் பதித்ததுதான். எல்லாப் பதிக்கும் கிரில்லுக்கும் மூடியின் பின்பக்கம் ஒரு நீண்ட இடைவெளி உண்டு, சூடான புகை அந்த வழியாகத்தான் வெளியேறும். காற்று பின்னாலிருந்து அடித்தால் அந்த வழி அடைபடும். சூடு முன்னே திரும்பி, திருகிகள் இருக்கும் பலகைக்கு அடியால் வெளியேறும். திருகி கையில் பிடிக்க முடியாத சூடாகும், உள்ளே இருக்கும் வயரும் வால்வும் கெடும். எங்களுக்கு மேடை கட்டிய மேசன் மாமா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். அளவு எடுக்க வந்த அன்றே, "தம்பி, இப்ப அமைதியா இருக்குன்னு பார்க்காதீங்க. ஜூன் மாசம் காத்து அந்த டர்பன்டைன் மரத்துப் பக்கமிருந்துதான் வரும். அதுக்கு முதுகக் காட்டி வைக்காதீங்க" என்றார். பழைய சேலைக் கிழிசலை ஒரு மூங்கிலில் கட்டி மேடை வரப்போகும் இடத்தில் நட்டு, காலையும் மாலையும் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தோம். அவர் சொன்னது சரியாகவே இருந்தது. காற்று பக்கவாட்டில் வரும்படி மேடையைத் திருப்பி, அந்தப் பக்கத்தில் மட்டும் நெஞ்சளவு கருங்கல் சுவர் எழுப்பினார். ஜூலையிலும் மூடிக்குள் சூடு நிற்கிறதென்றால் அது அவர் கைவேலை.

குளிர் தாங்காமல் நாலு பக்கமும் பொலித்தீன் திரை கட்டி அதற்குள் கிரில்லை எரிக்கிறவர்களை இங்கே பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். நிறமோ மணமோ இல்லாத கார்பன் மொனொக்சைட் உள்ளேயே தேங்கும். குறைந்தது இரண்டு பக்கமாவது திறந்திருக்கட்டும், விருந்தாளிக்குக் கம்பளி கொடுங்கள்.

மேடைக்குள்ளும் காற்றோட்டம் வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே இறங்கித் தரையில் தேங்கும். மேடையின் அடியில், தரையை ஒட்டி, எதிரெதிர்ப் பக்கங்களில் துவாரம் விடாமல் கட்டினால் ஒரு பொறி போதும். 2021 கடைசியில் வீடு வீடாக நடந்த கேஸ் விபத்துகளை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சிலிண்டருக்கு கிரில்லுக்கு நேர் கீழே இடம் வைக்காமல் சுவர் தடுத்துத் தனி அறை வையுங்கள். துவாரத்துக்குக் கம்பி வலை அடியுங்கள், இல்லாவிட்டால் எலி புகுந்து ரப்பர் குழாயைக் கடிக்கும். சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் இணைப்புகளில் சவர்க்கார நுரை தடவிப் பார்ப்பது எங்கள் வீட்டில் கட்டாயம். மேடைச் சட்டம் பலகையால் என்றால் கிரில்லோடு வெப்பத்தடுப்பு உறையும் வாங்கியே ஆக வேண்டும். கல், சீமெந்து என்றால் தேவையில்லை.

தகடு பற்றி. இங்கே கடல் உப்பு இல்லை, ஆனால் மூடுபனி எதையும் காய விடாது. 430 தரத் தகடு முதலில் ஆணியைச் சுற்றியும் வெல்டிங் ஓரத்திலும் பழுப்பேறும். 304 தாங்கும். காந்தம் கொண்டுபோங்கள்: இறுக ஒட்டிக்கொண்டால் அது 304 இல்லை. ஒட்டாவிட்டால் 304 என்று உடனே நம்பிவிடவும் வேண்டாம், மலிவான 201 தகட்டிலும் காந்தம் ஒட்டாது. ஆகவே தரத்தைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். மூடி 304 ஆகவும் உள்பெட்டி வேறாகவும் இருக்கலாம், உள்ளேயும் காந்தத்தை வைத்துப் பாருங்கள். சமைக்கும் கம்பிகள் வார்ப்பிரும்பு என்றால் எண்ணெய் பூசாத ஒரு வாரத்தில் துரு ஏறிவிடும். நான் எடுத்தது விரல் தடிப்பில் உருண்டை ஸ்டீல் கம்பி. சமைத்து முடித்ததும் பிரஷ் போட்டுத் தேங்காயெண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான்.

குறைகளும் உண்டு. பெட்டரியில் பொறி தட்டும் பற்றவைப்பான் மூடுபனி இறங்கிய மாலைகளில் வேலை செய்வதில்லை, முனையில் ஈரம் படிந்துவிடுகிறது. நீள லைட்டர் ஒன்று எப்போதும் கொக்கியில் தொங்குகிறது. எதைக் கொண்டு பற்ற வைத்தாலும் மூடியைத் திறந்து வைத்துத்தான். கொழுப்புத் தட்டு ஆழம் போதாது, சாரல் அடித்தால் நீரும் கொழுப்பும் சேர்ந்து விளிம்பு வரை நிற்கும். முன்பக்கமாக இழுத்தெடுக்க முடிவதால் சமாளிக்கிறோம். சில நாள் எரிக்காமல் விட்டால் பர்னர் குழாய் வாயில் சிலந்தி வலை கட்டும். வலையிருந்தால் கேஸ் பின்வாங்கி வெளியே எரியும், அதனால் மெல்லிய பிரஷ் விட்டுச் சுத்தம் செய்த பிறகே திறக்கிறோம். கடை விற்பனையில் காட்டிய அக்கறையைப் பிறகு காட்டவில்லை. உத்தரவாதம் வீட்டுப் பாவனைக்கு மட்டும், தங்குமிடத்துக்கு இல்லை என்பதைப் பணம் கட்டும் நேரத்தில்தான் சொன்னார்கள். கேட்டு எழுதி வாங்குங்கள். டொலர் தட்டுப்பாட்டுக் காலத்தில் இறக்குமதி நின்று உதிரிப்பாகம் இல்லாமல் தவித்த ஹோட்டல் அடுப்புகளை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே கிரில்லோடு சேர்த்தே இரண்டு பர்னரும் ஒரு பற்றவைப்பானும் உபரியாக வாங்கி வைத்தேன்.

சமையல்? மனம் நிறைந்து சொல்கிறேன், அருமை. இரண்டு பர்னரை எரியவிட்டு இரண்டை அணைத்து, அணைத்த பக்கத்தில் மிளகும் தேசிக்காய்ச் சாறும் ஊறிய முழுக் கோழியை வைத்து மூடினால் தோல் முறுகி உள்ளே சாறு வற்றாமல் வருகிறது. இந்த ஊர் லீக்ஸை நெடுக்காகப் பிளந்து, வெட்டிய பக்கம் கீழே படும்படி குறைந்த நெருப்பில் வைத்துப் பாருங்கள். வெளி இதழ் கருகும், உள்ளே வெண்ணெய் போல் இளகி இனிக்கும். கட்டச்சம்பலோடு அதை வைத்தால் இறைச்சித் தட்டை ஒதுக்கிவிட்டு இதைத்தான் இன்னொரு தடவை கேட்கிறார்கள். விறகின் மணம் கேஸில் வராது என்பது உண்மை. கவ்வாத்து மிலாறில் (தேயிலைச் செடியில் வெட்டிய கிளைகளில்) நாலு குச்சியை நனைத்து ஓட்டை போட்ட தகரப் பெட்டியில் பர்னர் மேல் வைக்கிறேன், ஓரளவுக்கு வருகிறது.

நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு, மாதத்துக்கு ஒரு தடவை சுடுவதற்கு, இந்தச் செலவு தேவையில்லை. சக்கரம் வைத்த இரண்டு பர்னர் கிரில்லே போதும், ஒரு சிலிண்டரும் அதற்குத் தாங்கும். ஹப்புத்தளை, எல்ல, பண்டாரவளைப் பக்கம் விருந்தாளிகளுக்குச் சமைக்கிறவர்களுக்குக் குளிர் இவ்வளவு கொடியதில்லை, ஹப்புத்தளைக் காற்றுதான் கொடியது. அங்கே நான்கு பர்னரைவிட மூன்று பர்னரும் நல்ல காற்றுச் சுவரும் எடுப்பேன். நுவரெலியாவில் தங்குமிடம் நடத்துகிறவர்கள் 304 உடம்பு, மாற்றக்கூடிய ஜெட், முன்னால் இழுக்கும் தட்டு இந்த மூன்றும் இருக்கிற எதையும் தயங்காமல் வாங்கலாம். மேடையில் கிரில் இறங்கும் வெட்டுத் துளை அளவை மட்டும் கிரில் வீட்டுக்கு வந்து, நீங்களே அளவு நாடா வைத்துப் பார்த்த பிறகு மேசனிடம் கொடுங்கள். கையேட்டில் இருக்கும் அளவும் பெட்டியில் வரும் அளவும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.