சவத்துமூதி: ஃப்ராய்டா, நுண்வாசிப்பா?

பாளையங்கோட்டையில் எங்கள் ஆச்சி, பேரன் சோற்றைச் சிந்தினால் 'சவத்துமூதி' என்பாள். அவன் தூங்கும்போது தலையைக் கோதிக்கொண்டும் அதையேதான் சொல்வாள்.

ஒரே சொல் வசவாகவும் கொஞ்சலாகவும் இருப்பது எப்படி? உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டு 1910இல் எழுதிய கட்டுரை ஒன்று, ஆதிச் சொற்கள் எதிரெதிர்ப் பொருளைச் சுமந்தன, கனவும் அப்படித்தான் என்கிறது. அப்படிப் பார்த்தால் ஆச்சியின் செல்லத்துக்குள் சாவு பயம் ஒளிந்திருக்கிறது. கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் ஆச்சி 'இல்லவே இல்லலே' என்றால், 'பார், மறைக்கிறாள்' என்றுவிடலாம். தோற்கவே தெரியாத வாதம்! ஃப்ராய்டு நம்பிய மொழியறிஞர் கார்ல் ஆபெலின் சொல்லாராய்ச்சியையும் 1956இல் மொழியியலாளர் பென்வெனிஸ்ட் மறுத்துவிட்டார்.

நுண்வாசிப்பு, அதாவது சொல்லையும் அது வரும் விதத்தையும் உற்றுப் படிப்பது, சொல்லோடு நிற்கும். சவம், சொற்களை ஒட்டவைக்கும் அத்துச் சாரியை, தேய்ந்துபோன மூதேவி. அதட்டும்போது 'மூ' வெட்டென்று விழும்; கொஞ்சும்போது இழுபடும். 'சவத்த விடுலே' என்பதில் பிணமே கிடையாது, வெறும் 'அதை விடு'தான்.

என் ஓட்டு இதற்கே. அப்புறம், சாகாமல் இருக்கட்டும் என்று பிள்ளைக்குப் பிச்சை, குப்பை என்று பெயர் வைத்த ஊரில், கொஞ்சுவதற்குச் சவம் ஏன் வந்தது? அங்கே மட்டும் ஃப்ராய்டுக்கு ஒரு நாற்காலி போடலாம்.