ஆர்டிஎக்ஸ் 3060-ஆ, 4060-ஆ?

குறைந்த செலவில் இன்றைய கனமான கேம்களை ஆட கம்ப்யூட்டர் போடுபவர்கள் பலர் என்விடியாவின் இந்த இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளுக்கு நடுவில்தான் வந்து நிற்கிறார்கள். 2021இல் வந்த 3060இல் 12 ஜிபி மெமரி. 2023இல் வந்த 4060இல் 8 ஜிபிதான்.

1080பி (ஃபுல் எச்டி) திரையில் வேகம் மட்டும் பார்த்தால் புதியதுதான் முந்தும். கரண்டும் மிச்சம்: 4060 115 வாட், 3060 170. ஏஐ மூலம் இடையில் கூடுதல் ஃபிரேம்களைச் சேர்த்து ஓட்டத்தைச் சீராக்கும் டிஎல்எஸ்எஸ் ஃபிரேம் ஜெனரேஷனும் 4060இல் மட்டுமே உண்டு.

சரி, அப்புறம் ஏன் தயக்கம்? டெக்ஸ்சரை, அதாவது சுவர், தரை போன்றவற்றின் மேற்பரப்புப் படங்களை, அல்ட்ரா என்ற உச்சத் தரத்தில் வைத்தால் சில கேம்களில் 8 ஜிபி நிரம்பிவிடும். மிச்சத்தை கார்டு கம்ப்யூட்டரின் ரேமில் வைத்து எடுக்க வேண்டியிருக்கும். சட்டென்று திரும்பினால் படம் திக்கும். பக்கத்தில் போன பிறகும் செங்கல் சுவர் சேறு பூசியதுபோல மங்கலாகவே நிற்கும். 4060 மதர்போர்டோடு தரவைப் பரிமாற எட்டு லேன்களை (பாதைகளை) மட்டுமே பயன்படுத்துவதால், கார்டைச் செருகும் இணைப்பு வேகம் குறைந்த பிசிஐஇ 3.0 ஆக உள்ள பழைய மதர்போர்டில் இந்தத் தொல்லை இன்னும் கூடும்.

புது மதர்போர்டு, டெக்ஸ்சரைக் கொஞ்சம் இறக்கவும் சம்மதம் என்றால் தயங்காமல் 4060 வாங்குங்கள். பழைய போர்டிலேயே ஓட்டப்போகிறீர்கள் என்றால் 3060தான் என் தேர்வு. ஆனால் அதிலும் 8 ஜிபி வகை ஒன்று இருக்கிறது. அட்டைப்பெட்டியில் 12 ஜிபி என்று பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.