ஏழு கதவுக்குப் பவுடர் கோட்டிங், ஒரு கீல் பாக்கி

எங்கள் அடுக்களையில் இருப்பது மாமியார் 1989ல் தவணையில் வாங்கிப்போட்ட ஸ்டீல் கப்போர்டு. தகடு இன்றைக்கும் கல்லு மாதிரி இருக்கிறது, பெயின்ட்தான் போச்சு. ராயபுரத்தில் உப்புக் காத்து சும்மா விடுமா? கதவு மடிப்பில் எல்லாம் துரு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணி நின்று வடிந்த பிறகு, கீழ்வரிசைக் கதவுகள் வெங்காயச் சருகு மாதிரி உரிய ஆரம்பித்தன.

போன வருஷம் தெரிந்த பெயின்டர் ஒருவர் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு எனாமல் அடித்துவிட்டுப் போனார். முப்பது வருஷத் தாளிப்புப் பிசுக்கு மேல் பெயின்ட் எப்படிப் பிடிக்கும்? அடுப்புப் பக்கக் கதவில் நகத்தை வைத்தேன். பாலாடை மாதிரி மொத்தமாகக் கையோடு வந்தது.

அதனால் இந்தமுறை தண்டையார்பேட்டைப் பக்கம் கேட்டு, ஜன்னல் கிரில், பைக் வீல் எல்லாம் பவுடர் கோட்டிங் செய்கிற, அதாவது பெயின்டைத் தூளாக ஊதி ஓவனில் வைத்துப் பிடிக்கவைக்கிற பட்டறை ஒன்றுக்குப் போனேன். குறையும் சொல்லப்போவதால் பேர் வேண்டாம்.

"யக்கா, கதவ மட்டும் எட்த்துனு வா. கண்ணாடி, ரப்பர் எதுவும் இருக்கக்கூடாது. பள்ளம் அடைக்கப் பட்டி வச்சிருந்தா இப்பவே சொல்லிடு, ஓவன்ல நிக்காது" என்றார் பட்டறைக்காரர். முதல் நாளே இப்படிப் பேசியது எனக்குப் பிடித்தது. மீன்பாடி வண்டியில் ஏழு கதவையும் ஏற்றி அனுப்பினேன்.

பழைய பெயின்டை மருந்தில் ஊறவைத்து வெறும் தகடு தெரியும்வரை எடுத்தார்கள். வீட்டில் நீங்களே தேய்ப்பதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன்: பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்று கட்டுப்பாடு வந்ததே 2017 நவம்பரில்தான். தூள் பறக்க எமரி போடாதீர்கள். வாட்டர் பேப்பரை நனைத்துத் தேயுங்கள், பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு.

அப்புறம் பிசுக்கு எடுக்க, துரு எடுக்க, பெயின்ட் நன்றாகப் பிடிக்க பாஸ்பேட் ஏற்ற என்று வரிசையாகத் தொட்டிகள். கதவைக் கொக்கியில் மாட்டி எர்த் கொடுத்து, ஸ்ப்ரே கன்னில் இருந்து பவுடரை ஊதினான் ஒரு பையன். கோலமாவு காற்றில் பறந்தால் கீழே விழும். இது திரும்பிப் போய்க் கதவின் முதுகில்கூட ஒட்டிக்கொள்கிறது. மின்சாரம் இழுக்கிறதாம். உள்மூலையில் மட்டும் சரியாக ஏறாது என்று அங்கே கன்னின் மின்சாரத்தைத் தணித்து மெதுவாக இரண்டு தரம் ஓட்டினான். அந்த இடத்தில்தான் காசு கொடுத்தது வீண் இல்லை என்று பட்டது. பிறகு ஏறக்குறைய 200 டிகிரி ஓவன். ஆறினதுமே தொடலாம், எனாமல் மாதிரி வாரக்கணக்கில் வாடை இல்லை.

சதுர அடி 45 ரூபாய். இரண்டு பக்கமும் கணக்கில் வரும், கேட்காமல் போனால் ஏமாந்துபோவீர்கள். ஏழு கதவுக்கு 1,890, பழைய பெயின்ட் எடுக்க 700. நாலு நாள் என்று சொல்லி பதினொரு நாள் ஆக்கினார்கள். வந்த வேலை சுத்தம். மூன்று மாசமாக எண்ணெய் தெறிக்கிறது, சோப்புத்தண்ணியில் துடைத்தால் போய்விடுகிறது.

சுவரில் பதித்த சட்டத்தைக் கழற்ற முடியாதே. அதைச் சலவைச் சோடாவில் கழுவி, துரு தடுக்கிற ரெட் ஆக்சைடு பிரைமர் கொடுத்து, நானே எனாமல் உருட்டினேன். இரண்டுமே ஐவரிதான், ஆனால் கதவு தயிர் நிறம், சட்டம் நெய் நிறம். பட்டறையின் கலர் கார்டைப் பெயின்ட் கடைக்கு எடுத்துப்போய் பெயின்டைக் கலக்கச் சொல்லியிருக்க வேண்டும். என் தப்பு.

அவர்கள் தப்பு கீல். கழற்றிக் கொடுத்த பதினாலில் பதிமூன்றுதான் திரும்பி வந்தது. அந்த அளவு இப்போது கடையில் கிடைப்பதில்லை. போன் போட்டால் "தேடினு கீறோம்க்கா" என்கிறார்கள். ஏழாவது கதவு அரிசி டிரம்முக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது, பளபள என்று.