காருக்கு ஏசி கேஸ் அடிக்கும் டப்பா: வாங்கலாமா?

ஒற்றை மீட்டரும் ரப்பர் ஹோஸும் சேர்த்து விற்கும் ஆர்134ஏ (கார் ஏசியைக் குளிர வைக்கும் கேஸ்) டப்பா கிட் இது. மீட்டர் உருப்படியான பொருள்; அதில் ‘கேஸ் சரி’ என்று காட்டும் பச்சைக் கோடுதான் ஏமாற்றும்.

லோ சைடு பிரஷர் (கம்ப்ரசருக்குள் போகும் கேஸின் அழுத்தம்) மட்டுமே இதில் தெரியும். வெளியே 30 டிகிரி வெயில், இன்ஜின் 1500 ஆர்பிஎம், புளோயர் முழு வேகம் என்றால் சுமார் 30 முதல் 45 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். முள் 60ஐத் தொட்டும் காற்று குளிரவில்லையா? கேஸ் அதிகமாகியிருக்கலாம், கண்டன்சர் (கேஸின் சூட்டை வெளியேற்றும் பகுதி) ஃபேன் நின்றிருக்கலாம், கம்ப்ரசர் தேய்ந்திருக்கலாம். எது என்று பிரிக்க ஹை சைடு (கம்ப்ரசரிலிருந்து வெளியே வரும் பக்கம்) அளவும் தேவை. அதற்கு இரட்டை மீட்டர் செட்தான் சரி.

டப்பாவைத் திருகும் முன் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். கண்டன்சரில் படிந்த மண்ணைக் குறைந்த அழுத்தத் தண்ணீரில் கழுவுங்கள். ஏசி போட்டதும் ஃபேன் ஓடுகிறதா என்று கவனியுங்கள். பணம் செலவில்லாத இந்த வேலையைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள்.

சிறிய கார்கள் பலவற்றின் மொத்தக் கொள்ளளவே 350 முதல் 500 கிராம். 340 கிராம் டப்பாவைக் காலி செய்தால் பெரும்பாலும் ஓவர்சார்ஜ்தான், அதாவது அளவுக்கு மீறிய கேஸ். குளிர்ச்சி இன்னும் குறையும். பானட் ஸ்டிக்கரில் எவ்வளவு கிராம், எந்த கேஸ் என்று பாருங்கள். ஆர்1234ஒய்எஃப் என்ற வேறு கேஸ் உள்ள வண்டியில் இந்த ஆர்134ஏவைக் கலக்கவே கூடாது.

கேஸ் குறைந்தால் எங்கோ லீக் இருக்கிறது. அதை அடைத்து, அரை மணி நேரமாவது வேக்யூம் இழுத்து (உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து), எடை பார்த்து நிரப்பும் கடைக்குக் கொடுக்கும் காசு வீணாகாது. லீக் சீலர் கலந்த டப்பாவை வாங்கவே வேண்டாம்; கேஸை அளவாக விடும் எக்ஸ்பான்ஷன் வால்வும் கடைக்காரரின் மெஷினும் அடைத்துக்கொள்ளும்.