33 வாரத்தில் "நஞ்சு முத்திப் போச்சு" என்றார்கள்: கர்ப்பிணிகள் தயவுசெய்து படியுங்கள்

ஜனவரி 28 அன்று எடுத்த ஸ்கேன் அறிக்கையில் ஒரு வரிக்கு அடியில் மட்டும் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்கள். நஞ்சுக்கொடி (வயிற்றில் குழந்தைக்குச் சத்து கொண்டுபோகும் நஞ்சு), கிரேடு 3. அந்தக் கோட்டைக் காட்டித்தான் அந்தத் தனியார் மருத்துவமனையின் டாக்டரம்மா சொன்னார்: "நஞ்சு முத்திப் போச்சும்மா. இனிமே குழந்தைக்குச் சாப்பாடு போகாது. இப்பவே அட்மிட் ஆயிடுங்க, நாளன்னைக்கு ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்."

எனக்குக் கை கால் ஆடிப்போய்விட்டது. குழந்தைக்குச் சாப்பாடு போகாது என்று கேட்ட பிறகு எந்தத் தாய் எதிர்க் கேள்வி கேட்பாள்? என் வீட்டுக்காரர் 20,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டினார். அன்று மாலையே மஞ்சளாக ஒரு புரோட்டீன் டிரிப் ஏற்றினார்கள், மறுநாள் காலை இன்னொன்று. ஒவ்வொன்றும் 2,400 ரூபாய். நான் சாப்பிட்டுவந்த கால்சியம் மாத்திரையை சிஸ்டர் எடுத்து வைத்துவிட்டு, "சுண்ணாம்புச் சத்து ஏறித்தான் நஞ்சு முத்துது, இதை விட்டுட்டு இந்தப் பவுடரைப் பால்ல கலந்து குடிங்க" என்று 950 ரூபாய் டப்பா ஒன்றைக் கொடுத்தார். அத்தையும் நம்பினார், நானும் நம்பினேன்.

எங்களைக் காப்பாற்றியது ஒரு போன். அட்மிஷனுக்குப் பிக்மி எண் (கர்ப்பத்தை அரசில் பதியும்போது தரும் எண்) வேண்டும் என்றார்கள். அட்டை வீட்டில் இருந்ததால் எங்கள் ஊர் நர்ஸம்மாவைக் கூப்பிட்டேன். எண்ணைச் சொல்லிவிட்டு, "இப்ப எதுக்கும்மா அட்மிட்? உனக்கு மார்ச் 14 தானே தேதி? இன்னும் 34 வாரமே முடியலியே" என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். "பிரஷர் இருக்கா? குழந்தை எடை குறைவா? அசைவு குறைஞ்சிருக்கா?" எதுவும் இல்லை. "அப்ப ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு தடவை ஜி.எச்.சுக்குப் போய்க் காட்டு. இன்னைக்கே போ."

வெளியே வருவது லேசாக இல்லை. "எங்கள் சொந்த விருப்பத்தில் போகிறோம், குழந்தைக்கு எது நடந்தாலும் நாங்களே பொறுப்பு" என்று எழுதி என் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கினார்கள். அந்தக் கையெழுத்தைப் போடும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பேறுகாலப் பிரிவு டாக்டர் எல்லா ஸ்கேன்களையும் தேதி வாரியாக மேசையில் பரப்பினார். 11 வாரம் 4 நாளில் எடுத்த முதல் ஸ்கேன்படி என் பிரசவத் தேதி மார்ச் 14. ஜனவரி 28 ஸ்கேனோ, குழந்தையின் தலை, வயிறு, தொடை எலும்பு அளவுகளை வைத்து 35 வாரம் 2 நாள் என்று கணக்கிட்டு மார்ச் 2 என்று ஒரு தேதி போட்டிருந்தது. அந்த மருத்துவமனை இந்த இரண்டாவது தேதியை எடுத்துக்கொண்டது. முதல் மூன்று மாதத்துக்குள் எல்லாக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்வதால் அப்போது குறித்த தேதிதான் நம்பகமானது. கடைசி மூன்று மாதத்தில் ஒரு குழந்தை பெரிதாக இருக்கும், ஒன்று சின்னதாக இருக்கும், கணக்கு 3 வாரம் வரைகூட முன்பின்னாகப் போகும். அதனால் பின்னால் எடுக்கும் ஸ்கேனை வைத்துத் தேதியை மாற்றக் கூடாது. உண்மையில் அந்த ஸ்கேன் எடுத்த அன்று எனக்கு 33 வாரம் 4 நாள்தான்.

இது வெறும் தேதிக் குழப்பம் இல்லை. 34 வாரத்துக்குள் குழந்தையை எடுக்க வேண்டி வந்தால், நுரையீரல் பக்குவப்பட அம்மாவுக்கு முன்கூட்டியே ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். எனக்கு ஆபரேஷன் குறித்திருந்த நாளில் 33 வாரம் 6 நாள். அந்த ஊசியை யாரும் பேசக்கூட இல்லை. இதை டாக்டர் சொன்னபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

இன்னொன்றும் சொன்னார். அதை நான் இன்னும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நஞ்சு சரியாக வேலை செய்யாவிட்டால் குழந்தை இளைக்கும், பனிக்குட நீர் குறையும், தொப்புள்கொடி ரத்த ஓட்டத்தில் மாற்றம் தெரியும். என் குழந்தையோ வாரத்துக்கு மீறி 2.4 கிலோ காட்டியது. சாப்பாடு போகாத குழந்தை எப்படி எடை கூடும்? அந்த எடையும் அதே அறிக்கையில், சிவப்புக் கோட்டுக்கு நாலு வரி கீழேதான் இருந்தது.

டாப்ளர் பார்த்தார்கள், ரத்த ஓட்டம் நன்றாக இருந்தது. நீர் அளவு 12 சென்டிமீட்டர், பிரஷர் 110/70, சிறுநீரில் புரதம் இல்லை. வயிற்றில் பெல்ட் கட்டி 20 நிமிடம் இதயத் துடிப்பு எடுத்தார்கள், அதுவும் சரி.

நஞ்சில் சுண்ணாம்புப் படிவு தெரிவதை வைத்து 0 முதல் 3 வரை கிரேடு போடுவது 1979இல் கிரானம் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் கொண்டுவந்த முறை. குழந்தையின் நுரையீரல் முதிர்ந்துவிட்டதா என்று ஊகிக்கத்தான் அன்று அதைப் பார்த்தார்கள். அதற்கே அது நம்பத்தகுந்ததாக இல்லை என்று பின்னால் தெரிந்துவிட்டது. கண்ணால் பார்த்துப் போடும் கிரேடு, ஆளுக்கு ஆள் மாறும். மாதம் நெருங்கும்போது கிரேடு 3 வருவது இயல்பு. அதற்காக 33 வாரத்தில் அதைச் சும்மா விட்டுவிடவும் கூடாது. ரத்தக் கொதிப்பு இருந்தாலோ குழந்தை வளர்ச்சி குன்றியிருந்தாலோ அது முக்கியமான தகவல், கூடுதலாகக் கவனிக்க வேண்டும். என்னையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். ஆனால் கிரேடு ஒன்றை மட்டும் வைத்துக் கத்தி வைக்க முடியாது.

கால்சியம் மாத்திரையை அன்றே திரும்பத் தொடங்கச் சொன்னார். அதனால் நஞ்சு முத்தாது, கர்ப்பகால ரத்தக் கொதிப்பைத் தடுக்க அது உதவும் என்றார். புரோட்டீன் டிரிப்பால் குழந்தை வளரும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் சொன்னார். அப்புறம் என் அட்டையில் அவரே எழுதிக் கொடுத்தார்: சாப்பிட்டு இடப்பக்கம் சாய்ந்து படுத்து அசைவை எண்ணு, 2 மணி நேரத்தில் 10 வராவிட்டால், தலைவலி, கண் மங்கல், ரத்தப்போக்கு, நீர் வடிதல் எது இருந்தாலும் நடு ராத்திரி ஆனாலும் வா.

மார்ச் 9 அன்று சுகப்பிரசவம். 3.1 கிலோ, பெண் குழந்தை. நஞ்சு வந்ததும் டாக்டரிடம் காட்டச் சொல்லிக் கேட்டேன். தட்டில் வைத்துத் திருப்பிக் காட்டினார். கருஞ்சிவப்பில் அங்கங்கே வெள்ளையாக, சுண்ணாம்புப் பொடி தூவியது போல இருந்தது. கையுறை விரலால் தடவி, "சொரசொரன்னு இருக்கு பார், இதைத்தான் கிரேடு 3ன்னு எழுதினாங்க. இதே நஞ்சுதான் கடைசி வரைக்கும் உன் பாப்பாவுக்குச் சோறு போட்டுது" என்றார்.

அட்வான்ஸில் 12,000 ரூபாய் இன்னும் வரவில்லை. மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். அதற்காக என் கேஸ் ஷீட் நகலைக் கேட்டபோது முதலில் இழுத்தடித்தார்கள். எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. அதைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்த பிறகுதான் வந்தது. ஆபரேஷனுக்கான காரணம் என்ற இடத்தில் "36 வாரம், முதிர்ந்த நஞ்சு" என்று எழுதியிருக்கிறார்கள். மார்ச் 14 என்று தேதி போட்ட என் முதல் ஸ்கேன் அதே தாளின் பின்னால் பின் அடித்து இருந்தது.